மூன்று சுற்று முடி: யேல் லேத் விபத்தும் நம் இயற்பியல் லேபும்

2011 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை இரவு. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம், நியூ ஹேவன் ஊர், யேல் பல்கலைக்கழகம். ஸ்டெர்லிங் வேதியியல் ஆய்வகம் என்று ஒரு பெரிய பழைய கட்டடம், அதன் அடித்தளத்தில் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் தங்களுக்கு வேண்டிய உதிரிகளைக் கடைந்துகொள்ள ஒரு ஒர்க்‌ஷாப். அங்கே 22 வயது மாணவி ஒருவர் லேத்தில், அதாவது உலோகத்தைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரத்தில், வேலை செய்துகொண்டிருந்தார். இயற்பியலும் வானியலும் படித்தவர், இறுதியாண்டு, பட்டம் வாங்கச் சில வாரங்கள்தான் பாக்கி. கூட யாரும் இல்லை. அதிகாலை இரண்டரை மணி வாக்கில் அதே கட்டடத்தில் இருந்த வேறு மாணவர்கள்தான் அவரைப் பார்த்தார்கள். முடி லேத்தில் சுற்றிச் சிக்கியிருந்தது. உயிர் இல்லை. கழுத்து அழுத்தப்பட்டு மூச்சு நின்றதுதான் காரணம் என்று மருத்துவ அறிக்கை சொன்னது.

பெயரை நான் எழுதவில்லை. தேடினால் கிடைக்கும், ஆனால் இந்த ஆய்வுக்கு அது தேவைப்படாது. தேவைப்படுவது வேறு இரண்டு தகவல்கள். ஒன்று, அவர் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டவர், முன் அனுபவம் உள்ளவர், வேடிக்கை பார்க்க வந்து எதையோ தட்டிவிட்டவர் இல்லை. இரண்டு, அவருடைய இறுதியாண்டு ஆய்வு திரவ ஹீலியத்தை வைத்துக் கரும்பொருள் (டார்க் மேட்டர், கண்ணில் படாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள்) துகள்களைக் கண்டறிய முடியுமா என்பது பற்றியது. ஹீலியம் திரவமாக இருக்க மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்தக் குளிர் பாத்திரங்களைக் கையாளவே தனியாகப் பயிற்சி எடுக்கவேண்டும். அப்படிப்பட்ட ஆய்வில் இருந்தவரைக் கொன்றது, நம் ஊர்ப் பட்டறைத் தெருவில் கதவைத் திறந்து போட்டு ஓடிக்கொண்டிருக்குமே, அந்த லேத்.

இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு, எனக்கும் இருந்தது. ஆபத்தெல்லாம் கெமிஸ்ட்ரி லேபில், அங்கேதான் ஆசிட், புகை, தீ. நம்ம பக்கம் என்ன இருக்கு, வெர்னியர் காலிப்பர், ஸ்பெக்ட்ரோமீட்டர், ஊசல். அதிகபட்சம் எடைக்கல் கால்மேல் விழும். ஆனால் பட்ட மேற்படிப்புக்குப் போனதும் அதே இயற்பியல் மாணவன் கருவியைத் தானே செய்யவேண்டியிருக்கிறது, ஒரு ஹோல்டர், ஒரு ஃபிளாஞ்ச், ஒரு பித்தளை வளையம் என்று ஒர்க்‌ஷாப்புக்கு நடக்க ஆரம்பிக்கிறான். ஒர்க்‌ஷாப் அவன் மனதில் லேப் கணக்கில் வருவதே இல்லை.

லேத் முன்னால் நின்று ஒரு கணக்கு

அந்த அறையில் என்ன வரிசையில் நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதனால் "குனிந்தார், முடி விழுந்தது" என்று சினிமா மாதிரி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் சுழலும் தண்டில் முடி மாட்டினால் என்ன ஆகும் என்பதை பிளஸ் டூ இயற்பியலை வைத்தே போட்டுப் பார்க்கலாம். இந்த எண்கள் எல்லாம் பொதுவாக ஒரு சிறிய லேத்துக்கு நான் போட்டவை, யேல் லேத்தினுடையவை அல்ல.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கம்பி, நிமிடத்துக்கு 1000 சுற்று. கம்பியின் சுற்றளவு சுமார் 78 மில்லிமீட்டர், நொடிக்குக் கிட்டத்தட்ட 17 சுற்று, ஆக மேற்பரப்பு நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 1.3 மீட்டர் என்பது நாம் நடக்கிற வேகம்தான், பார்க்கப் பயமே வராது. அரை மீட்டர் நீள முடியின் நுனி அதில் பட்டுச் சுற்ற ஆரம்பித்தால் முழு நீளமும் உள்ளே போக 0.4 நொடிகூட ஆகாது. கண்ணால் பார்த்து கை அசைய எவ்வளவு கெட்டிக்காரருக்கும் கால் நொடி வேண்டும். அதுவும் எதிர்பார்த்துக் காத்திருந்தால். இங்கே எதிர்பார்ப்பு இல்லை, பார்வை வெட்டும் முனைமேல் இருக்கிறது, முடி தளர்வாக இருக்கும்வரை வலியும் இல்லை. வலி தெரியும்போது தளர்வு மொத்தமும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, முடிதானே, அறுந்துவிடாதா? இதைத்தான் மாணவர்கள் முதலில் கேட்பார்கள். ஒற்றை முடியே பல பத்து கிராம் தாங்கும். ஒரு பேனா தடிமனுக்கு முடிக்கற்றை என்றால் ஆயிரக்கணக்கான இழைகள், அது கயிறு. வழுக்கிக்கொண்டு வெளியே வராதா? அதுவும் வராது. படகைக் கரையில் கட்டும்போது கயிற்றை முளையில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு ஒற்றை ஆள் சாவகாசமாக நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அத்தனை பெரிய படகின் இழுவை அவர் கைக்கு வருவதே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வு பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்து மூன்று சுற்றுக்குப் போட்டால் பெருக்கம் சுமார் 285 மடங்கு. நுனியில் முடி தன்மேலேயே படிந்து தரும் சின்னப் பிடிப்பு போதும், மறுமுனையில் அது இருநூற்றெண்பது மடங்காகிவிடும். அதனால்தான் தலைப்பில் மூன்று சுற்று என்று போட்டேன். 1000 சுற்று வேகத்தில் மூன்று சுற்று என்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இன்னொரு கணக்கு, இது எனக்கே போட்டுப் பார்க்கும்வரை தெரியாதது. ஒரு குதிரைத்திறன் மோட்டார், அதே கம்பி, 1000 சுற்றில் கம்பியின் மேற்பரப்பில் கிடைக்கும் இழுவிசை சுமார் 570 நியூட்டன். 58 கிலோ எடைக்குச் சமம், இரண்டு சிப்பம் அரிசியைவிடக் கூடுதல். வேகத்தைக் குறைத்தால் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைப்போம் இல்லையா, கியரை மாற்றி 200 சுற்றுக்கு இறக்கினால் அதே மோட்டார் தரக்கூடிய இழுவிசை ஐந்து மடங்கு, 280, 290 கிலோ. பெல்ட் வழுக்கினால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். மெதுவாக ஓடுகிற லேத் கிடைக்கிற நேரத்தை மட்டும்தான் கூட்டித் தருகிறது, வலுவைக் குறைப்பதில்லை.

அப்புறம் நிறுத்துவது. சுவிட்சை அணைத்தால் லேத் நிற்காது. சக் என்பது கனமான இரும்பு உருளை, வேலைப்பொருளைத் தாடை போட்டுக் கவ்விக்கொண்டு சுற்றுவது. மின்சாரம் போனாலும் தன் நிலைமத்தில் சில நொடிகள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். தேரை இழுக்கிறவர்கள் எல்லோரும் வடத்தை விட்டுவிட்டால் தேர் நின்றுவிடுமா? முட்டுக்கட்டை போட ஆள் வேண்டும். லேத்தில் அந்த முட்டுக்கட்டை பிரேக். நல்ல லேத்தில் கீழே நீளவாக்கில் ஒரு மிதிகட்டை இருக்கும், எங்கே நின்றாலும் காலால் ஓங்கி மிதித்தால் மோட்டாரும் அணையும், பிரேக்கும் பிடிக்கும். கை மாட்டியவனுக்கும் தலை மாட்டியவனுக்கும் மிச்சமிருக்கக்கூடியது கால்தான் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள், அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு.

விசாரணையில் என்ன சொன்னார்கள்

அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு ஓஷா. விபத்துக்குப் பிறகு அவர்கள் போய்ப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அந்த லேத்தில் உடனே நிறுத்தும் அவசர பட்டன் இல்லை, சுழலும் பாகத்திலிருந்து ஆளைப் பிரிக்கும் தடுப்பு இல்லை என்பவை அதில் முக்கியமானவை. பல்கலைக்கழகம் இதை ஏற்கவில்லை, கடிதத்தில் தகவல் பிழைகள் இருக்கின்றன என்றது. இரு தரப்பில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது.

ஆனால் அந்தக் கடிதத்தோடு அபராதம் எதுவும் வரவில்லை, அதற்கான காரணம் என்னை நீண்ட நாள் உறுத்தியது. இறந்தவர் மாணவி. ஓஷாவின் சட்டம் 1970ஆம் ஆண்டுச் சட்டம், அது ஊழியர்களுக்கானது. சம்பளம் வாங்கினால் நீங்கள் ஊழியர். கட்டணம் கட்டிக்கொண்டு அதே இயந்திரத்தின் முன்னால் அதே நேரத்தில் நின்றால் நீங்கள் சட்டத்தின் கண்ணில் படமாட்டீர்கள்.

இதன் மறுபக்கம் யேல் விபத்துக்கு இரண்டு வருடத்துக்குச் சற்று அதிகமான காலம் முன்பு நடந்திருந்தது. 2008 டிசம்பர் 29, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம், ஒரு வேதியியல் ஆய்வகம். காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் ஒரு லித்தியம் சேர்மத்தை ஊசிக்குழலில் எடுக்கும்போது 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவரின் ஆடை பற்றிக்கொண்டது, லேப் கோட் அணிந்திருக்கவில்லை, 18 நாள் கழித்து இறந்துபோனார். அவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர். அதனால் மாநிலப் பாதுகாப்பு அமைப்பு 31,875 டாலர் அபராதம் போட்டது, பின்னர் ஆய்வகத்தின் பேராசிரியர்மேல் குற்ற வழக்கே வந்து 2014இல் சமரசத்தில் முடிந்தது. இரண்டு இளம் பெண்கள், இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். ஒருவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, இன்னொருவர் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது.

நம்ம ஊரிலும் கதை இதேதான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், 21ஆம் பிரிவு இயந்திரங்களுக்குத் தடுப்பு வைப்பது பற்றி, 22ஆம் பிரிவு ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்கிறவர் உடம்போடு ஒட்டிய ஆடை அணியவேண்டும் என்பது பற்றி. 1948இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்! ஆனால் அது தொழிற்சாலைக்கு, தொழிலாளிக்கு. கல்லூரி தொழிற்சாலை இல்லை, மாணவர் தொழிலாளி இல்லை. இன்ஸ்பெக்டர் வரமாட்டார். பல்கலைக்கழகக் குழு வரும், வந்து ரெக்கார்டு நோட்டையும் ஸ்டாக் ரெஜிஸ்டரையும் பார்க்கும், தீயணைப்பு சிலிண்டரின் தேதி காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பவர்கள்கூட லேத்தில் கால்பிரேக் பிடிக்கிறதா என்று மிதித்துப் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

"கவனமா இருந்திருக்கணும்"

இந்த விபத்தை வகுப்பில் சொன்னால் வருகிற முதல் பதில் இதுதான், முடியை ஒழுங்காகக் கட்டியிருக்கணும் சார், கவனமா இருந்திருக்கணும். சொல்வது பெரும்பாலும் முன்வரிசைப் பையன்கள். முடியைக் கட்டவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் ஆய்வு முடிந்துவிட்டது என்று ஒரு திருப்தி வந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குப் பிரச்சினை.

கவனம் என்பது தீர்ந்துபோகிற சரக்கு. காலை பத்து மணிக்கு ஒருவரிடம் இருக்கும் கவனம் நள்ளிரவில் இருக்காது, இறுதியாண்டு ஆய்வின் கடைசி வாரங்களில் இன்னும் இருக்காது, இதே வேலையை நாற்பது தடவை சிக்கலில்லாமல் செய்தவரிடம் மிகக் குறைவாக இருக்கும். கட்டிய முடியும் அவிழும். ரப்பர் பேண்ட் அறுந்துபோகிற நேரத்தை யாரிடமும் சொல்லிவிட்டு அறுவதில்லை. லேத்தில் உப்புத்தாள் போட்டுக் கடைசி மெருகு கொடுக்கும்போது பாருங்கள், எந்த ஆளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போவார், மினுமினுப்பு வந்துவிட்டதா என்று கண் பக்கத்தில் போக ஆசைப்படும். அது அலட்சியம் இல்லை, வேலைமேல் உள்ள ஆசை.

அதனால் இந்த வழக்கில் என் கண்ணில் பெரிதாகப் படுவது முடியோ தடுப்போகூட இல்லை. தனியாக இருந்தார் என்பதுதான். அவசர பட்டன் இருந்தாலும் தலை சக் பக்கம் இழுபட்டுக் குனிந்து கிடக்கிற ஆளின் கை அதை எட்டுமா? எட்டலாம், எட்டாமலும் போகலாம். பக்கத்தில் இன்னொருவர், வேறு ஏதோ வேலையாக அரத்தால் தேய்த்துக்கொண்டு இருந்தாலும் போதும், சத்தம் மாறியதும் திரும்பிப் பார்த்திருப்பார், சுவிட்சைத் தட்டியிருப்பார். லேத்தின் சத்தம் மாறுவது அப்படி ஒரு சத்தம், பட்டறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், காது தானாகத் திரும்பும். காயம் ஆகியிருக்கலாம், கொடுமையான காயமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டரை மணிவரை யாருக்கும் தெரியாமல் போயிருக்காது.

யேல் பிறகு செய்ததும் அந்தத் திசையில்தான். இளநிலை மாணவர்கள் மின்கருவிகளைப் பயன்படுத்தும் இடங்கள் எல்லாவற்றையும் மறுஆய்வு செய்வதாகப் பல்கலைக்கழகத் தலைவர் அறிவித்தார், பட்டறை நேரங்கள் குறைக்கப்பட்டன, மாணவர்கள் வேலை செய்யும்போது கண்காணிக்க ஆள் இருக்கவேண்டும் என்றானது. லேத்தை மாற்றுவதற்கு முன்னால் நேரத்தையும் ஆளையும் மாற்றினார்கள். வரிசை சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி

இனி என் கதை. கல்லூரி பெயர் வேண்டாம். இயற்பியல் துறையில் லேபும் அதை ஒட்டிய சின்ன ஒர்க்‌ஷாப்பும் என் பொறுப்பில் சில வருடம் இருந்தன. ஒரு லேத், ஒரு நின்று துளைபோடும் டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், இரண்டு வைஸ். லேத்துக்கு ஒரு டர்னர் அண்ணன், பம்ப் கம்பெனியில் இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டு முட்டிவலி என்று எங்களிடம் வந்தவர். கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்கு லேத் சத்தம் கோழி கூவுகிற மாதிரி, யாரும் தனியாகக் கவனிப்பதில்லை.

ஒருநாள் மாலை, எம்.எஸ்ஸி. ப்ராஜக்ட் மாணவி ஒருவர் லென்ஸ் ஹோல்டருக்காக அலுமினியத் தகடு ஒன்றில் துளை போட வந்தார். பின்னல் நீளமானது, அதைத் தூக்கிக் கொண்டையாகச் சுற்றித்தான் இருந்தார். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார். எல்லாம் சரி. வலது மணிக்கட்டில் மட்டும் கோயில் கயிறு, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக நாலைந்து, ஒன்றின்மேல் ஒன்று. தகட்டை வைஸில் கவ்வாமல் கையால் பிடித்துக்கொண்டார், சின்னத் துளைதானே என்று. டிரில் மறுபக்கம் வெளியே வரும் அந்த நொடியில்தான் தகட்டைக் கவ்வும், அது எல்லா டிரில்லுக்கும் உள்ள குணம். கவ்வியது. தகடு ஃபேன் மாதிரி சுற்றியது, கை விலகியது, விலகிய வேகத்தில் கயிறு டிரில்லில் மாட்டியது.

நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், அசையவில்லை. உண்மையாகச் சொல்கிறேன், என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் அண்ணன் ஓங்கித் தட்டிச் சுவிட்சை அணைத்திருந்தார். கயிறு பழையது, நைந்துபோனது, இரண்டு சுற்றிலேயே அறுந்துவிட்டது. மணிக்கட்டில் பிளேடால் கீறின மாதிரி ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். நைலான் கயிறாக இருந்திருந்தால் என்ற எண்ணத்தை நான் அன்று ராத்திரி தூக்கம் வராமல் முழுக்க யோசித்து முடித்தேன்.

அந்த மாணவி முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"அண்ணா, டிரில் பிட் உடைஞ்சிருச்சாங்க? நான் பணம் கட்டிடறேனுங்க."

அண்ணன் அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பிட்டு கெடக்குது கண்ணு. வெரல மடக்கு. ம்ம், இப்ப நீட்டு."

மாட்டியது கயிறு என்பதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாகத் தைத்தது. எங்கள் லேபில் பொருள் உடைந்தால் பிரேக்கேஜ் கட்டணம் உண்டு, தெர்மாமீட்டருக்கு இவ்வளவு, ப்ரிஸத்துக்கு இவ்வளவு என்று போர்டில் ஒட்டியிருப்போம். பாதுகாப்பு விதி என்று ஒட்டிய தாள் ஒன்றுகூட அங்கே இல்லை. மூன்று வருடம் நம்மிடம் படித்த ஒரு பெண்ணின் மனதில் நாம் ஊன்றிய முதல் பயம் பொருள் உடையும் பயம். இதன் பலன் என்ன என்று பிறகுதான் யோசித்தேன். தெர்மாமீட்டர் உடைந்தால் பாதரசத்தைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிடுவார்கள், எண்ணூறு ரூபாய்க்குப் பயந்து. பாதரசம் அங்கேயே கிடந்து மாதக்கணக்கில் ஆவியாகும், அதைச் சுவாசிப்பது அடுத்த பேட்ச். மின்தேக்கி ஒன்று கையில் சுருக்கென்று அடித்தால் வெளியே சொல்லமாட்டார்கள், கனெக்‌ஷன் தப்பு என்று மார்க் போய்விடும். 1000 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்றால் அதில் உள்ள ஆற்றல் 80 ஜூல், அது சுருக் இல்லை. லேசர் கண்ணில் பட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த ரீடிங் எடுப்பார்கள். ஒரு விபத்துக்கு முன்னால் அதன் தம்பி தங்கைகள் பத்துப் பேர் வந்து போயிருப்பார்கள், நாங்கள் அவர்கள் எல்லோரையும் பணம் கேட்டு விரட்டிக்கொண்டிருந்தோம்.

பிரேக்கேஜ் கட்டணத்தை எடுங்கள் என்று துறையில் கேட்டேன். ஆடிட் வரும் என்றார்கள். பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள், உடைத்தவரே உடனே வந்து சொன்னால் கட்டணம் கிடையாது, மறைத்துப் பிறகு தெரிந்தால் உண்டு. அந்த ஒரு செமஸ்டரில் ஏழு தெர்மாமீட்டர் உடைந்ததாகத் தகவல் வந்தது, அதற்கு முந்தைய வருடம் முழுக்கவும் இரண்டுதான். மாணவர்கள் திடீரென்று கை நழுவ ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஒரு மூத்த ஆசிரியர் வருத்தப்பட்டார். அவரிடம் வாதாடவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் மாற்றியவை இன்னும் சாதாரணமானவை. பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று அண்ணனிடம், ஒன்று என்னிடம், இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்கிற மாதிரி இரண்டு பூட்டே போட்டுவிட்டோம், தனி ஆள் உள்ளே போகவே முடியாது. இது அண்ணனுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஒரு போல்ட் கடையணும் என்றாலும் இன்னொருத்தர் பைக்கை எடுக்கவேண்டியிருந்தது. ஆறு மணிக்கு மெயின் சுவிட்ச் அணைந்துவிடும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, கயிறு, வளையல், வாட்ச், மோதிரம், ஐடி கார்டு மாலை எல்லாம் அதில் போய்விட்டுத்தான் ஆள் உள்ளே வரலாம். சாமிக் கயிறைக் கழற்றமாட்டேன் என்று நிற்பவர்களுக்கு அண்ணன் ஒரு பதில் வைத்திருந்தார், "சாமி டப்பாவுல காவலுக்கு இருக்கும், நீ போய் வேலையப் பாரு." கழற்றவே முடியாத கயிறென்றால் டிரில் பக்கம் அண்ணன் நிற்பார், மாணவர் அளவு மட்டும் சொல்வார்.

கையுறை ஒரு தனிச் சண்டை. பாதுகாப்பு என்று சொன்னதும் நிர்வாகம் பெருந்தன்மையாக இருபது ஜோடித் துணிக் கையுறை வாங்கி அனுப்பியது. சுழலும் இயந்திரத்துக்கு முன்னால் கையுறை போடவே கூடாது, மாட்டினால் விரலோடு சேர்த்து இழுக்கும், வெறும் கையென்றால் தோல் கிழிவதோடு போகலாம். திருப்பி அனுப்பினால் கோபம் வரும் என்பதால் அவற்றைத் திரவ நைட்ரஜன் பக்கம் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஐயோ, அதற்கும் துணிக் கையுறை ஆகாது, நனைந்து உறைந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டு போனார்.

கால்பிரேக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் லேத்திலும் அந்த மிதிகட்டை இருந்தது. மிதித்தால் தொளதொளவென்று கீழே போனது, ஒன்றும் பிடிக்கவில்லை. எவ்வளவு நாளாக இப்படி என்று அண்ணனைக் கேட்டேன். "நான் வந்தப்பவே இப்படித்தானுங்க சார், நான் மிதிச்சதே இல்லயே." ஒன்றும் இல்லை, உள்ளே ஒரு பிரேக் ஷூ தேய்ந்திருந்தது, ஒரு ஸ்பிரிங் போயிருந்தது. காந்திபுரத்தில் தேடி வாங்கி ஒரே மதியத்தில் போட்டுவிட்டார். இப்போது 1000 சுற்றில் ஓடும்போது மிதித்தால் இரண்டு நொடிக்குள் நிற்கும், முன்பு சுவிட்சை அணைத்துவிட்டு நான் ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்தபோது பதினோரு நொடி. முதல் வருடப் பசங்களுக்கு இதையே நிலைமத் திருப்புத்திறன் சோதனையாக வைக்கலாம் என்று எனக்கு ஆசை, சிலபஸில் இடம் இல்லை.

கடைசியாக ஒரு நோட்டு. நூறு பக்க ரூல்டு நோட்டு, அட்டையில் "தப்பிச்சது" என்று அண்ணன் மார்க்கரில் எழுதிவைத்தார். அடிபட்டதை அல்ல, அடிபட இருந்து தப்பியதை எழுதவேண்டும், பெயர் போடவேண்டியதில்லை, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். முதல் மாதம் வெறும் தாள். அப்புறம் நானே முதல் பக்கத்தில், நாலடி தள்ளி நின்றும் அசையாமல் இருந்ததை எழுதினேன், அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. சோடியம் விளக்கைச் சூடு ஆறும் முன்னால் தொட்டது, கிரைண்டரில் கண்ணாடி போடாமல் பொறி புருவத்தில் பட்டது, ஈரக்கையோடு ரியோஸ்டாட்.

நான் அந்தக் கல்லூரியை விட்டு வரும்முன் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் குண்டுக் கையெழுத்தில், "சக் கீயை சக்கிலிருந்து எடுக்காமல் லேத்தை ஆன் பண்ணப் போனேன். அண்ணன் பார்த்துட்டார்" என்று இருந்தது. சக் கீ என்பது சக்கின் தாடையை முறுக்கும் சாவி, அது உள்ளே இருக்கும்போது லேத் ஓடினால் அந்த இரும்புத் துண்டு தெறித்து எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் நிச்சயம் எங்கேயோ போகும். அதற்குக் கீழே அண்ணனின் சாய்வான எழுத்து: "நான் பாக்கல. கூட இருந்த பொண்ணுதான் கத்துச்சு."